அப்பாவோடு ஏறி இறங்கிய படிகள்: யாழ்ப்பாணத்து மனநலச் சேவைகள் பற்றி ஒரு மகனின் விமர்சனம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிய இடம்தான் மோசம். காசு கேட்காத இடங்கள் எல்லாம், இடைக்கிடை எரிச்சல் மூட்டினாலும், ஒப்பேறின.

யாழ்ப்பாணத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை திறந்தால் அடுத்த கிழமையே ஆளாளுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். வீட்டில் ஒருவர் ‘இனி நான் இருந்து என்ன’ என்று சொல்லத் தொடங்கினால் எங்கே போவது, போனால் என்ன கேட்பார்கள், எவ்வளவு நேரம் வாங்கில் இருக்கவேண்டும் என்று ஒருவரும் எழுதுவதில்லை. எழுதினால் ‘அந்த வீட்டில் விசர் இருக்கு’ என்று கதை போகும், தங்கைக்குக் கலியாணம் பேச ஏலாது. எனக்குத் தங்கை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான். “பேரையும் ஊரையும் போடாத, மற்றதெல்லாம் எழுது” என்றார். ஆகவே எங்களுக்கு நடந்ததைச் சொல்லும்போது ஆஸ்பத்திரியின் பெயரோ டொக்டரின் பெயரோ வராது. குடாநாட்டில் மனநலப் பிரிவு உள்ள ஓர் அரச வைத்தியசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ் போதனா, தெல்லிப்பழை, மந்திகை என்று ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. ‘அங்கொடைக்கு அனுப்பிப்போடுவாங்கள்’ என்று, கொழும்புப் பக்கத்து மனநல ஆஸ்பத்திரியை நினைத்துப் பயந்து ஆளை அறைக்குள் வைத்திருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அநேகமான ஆட்களுக்குக் கொழும்புப் பக்கமே போகத் தேவை வராது. பஸ் ஏறிப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பக்கூடிய தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்பா தோட்டக்காரர். வலிகாமத்துச் செம்மண், வெங்காயம், புகையிலை, இடையில் மரவள்ளி. போன மாரிக்கு நட்ட வெங்காயம் தண்ணீர் நின்று அழுகியது. கடன் இருந்தது. ஆனால் அவர் கடன்படுவது அது முதல்தடவை இல்லை, மழை அடிப்பதும் முதல்தடவை இல்லை. ஏன் இந்த முறை மட்டும் விழுந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பிக் கிணற்றுக்கட்டில் போய் இருப்பார். சவரம் செய்வதில்லை. புட்டும் சம்பலும் வைத்தால் விரலால் கிளறிவிட்டு எழும்பிவிடுவார். சாரம் இடுப்பில் நிற்காமல் வழுக்கும் அளவுக்கு மெலிந்துபோனார்.

சத்தம் போட்டிருந்தால் ஊர் ஓடி வந்திருக்கும். எங்கள் ஊரில் ஒருவர் வீதியில் இறங்கிக் கத்தினால், சட்டி பானையை உடைத்தால், நாலு பேர் பிடித்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பேசாமல் கிணற்றுக்கட்டில் இருக்கிற மனுசனை ஒருவரும் நோயாளி என்று பார்ப்பதில்லை. “யோசினை கூடிப்போச்சு” என்றார் சித்தப்பா. “தோட்டத்துக்க இறங்கினா எல்லாம் சரிவரும்.” மாமி செய்வினை என்றார். ஆர் செய்தது என்றுகூட அவரிடம் பட்டியல் இருந்தது.

1926

நான் முதலில் எடுத்தது இந்த இலக்கத்துக்கு. அங்கொடையில் இருக்கிற தேசிய மனநல நிறுவகம் நடத்துகிறது. 24 மணித்தியாலமும் எடுக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் கதைக்கலாம். அன்றிரவு அப்பா படுக்காமல் விறாந்தையில் நடந்துகொண்டிருந்தார். அம்மா சாமியறைக்குள். நான் பின்வளவில் நின்று, வெளிச்சம் தெரியாமல் போனைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

ஒரு பெண் கதைத்தார். என் பெயரைக் கேட்கவில்லை. நான் தொடக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கொட்டினேன்: வெங்காயம், கடன், மாமி, செய்வினை. குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “இப்ப ஐயா தனியவோ இருக்கிறார்?” என்றார். இல்லை, என் கண்ணுக்குத் தெரிகிறார் என்றேன். அடுத்த கேள்வி: “வீட்டில தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து இருக்கோ?”

இந்த ஒரு கேள்விக்காகவே அந்தச் சேவைக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். தோட்டம் செய்கிற எந்த வீட்டில்தான் இல்லை? கொட்டில் தட்டில் போத்தல்கள் வரிசையாக நிற்கும், பாதி முடிந்தது, மூடி தொலைந்தது, லேபல் அழிந்தது. “போனை வைக்காதேங்கோ தம்பி, கதைச்சுக்கொண்டே போய் எல்லாத்தையும் ஒரு இடத்தில சேருங்கோ” என்றார். ரோச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு யூரியாப் பையில் போட்டு, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அண்ணையிடம் கொடுத்தேன். அவர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை வாங்கினார், கதவைச் சாத்தினார்.

இது சும்மா முன்னெச்சரிக்கை இல்லை. 1995 இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தற்கொலை நடந்தது. உலகிலேயே மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இருந்தோம். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. போர் நின்றதாலோ சனம் சந்தோசமாகிவிட்டதாலோ இல்லை. மிகக் கொடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்ததுதான் அதற்குப் பெரிய காரணம் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். கெட்ட எண்ணம் பலருக்கு ஒரு அலையாக வந்து கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் தப்பிவிடுகிறார்.

அடுத்ததாக அவர் சொன்னது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நேரே கேளுங்கோ என்றார். கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே அவர் மண்டைக்குள் போட்டதாக ஆகாதோ என்றேன். ஆகாது, கேட்டால் பாரம் குறையும் என்றார். போனை வைத்துவிட்டு விறாந்தைக்குப் போய், தூணில் சாய்ந்து நின்ற அப்பாவிடம் கேட்டேன்: “அப்பா, செத்துப்போகவேணும் எண்டு யோசிக்கிறீங்களோ?”

முப்பத்தைந்து வயதில் அப்பாவிடம் கேட்கிற கேள்வியா இது? அவர் என்னைப் பார்க்காமல், “ஓம்” என்றார். பிறகு, “உனக்கு ஆர் சொன்னது?” என்றார். பிறகு இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். விடியும்வரை அந்த ‘ஓம்’ தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை, பாயில் படுத்தார்.

யாராவது இந்த இலக்கத்தை நோயாளிக்கு மட்டும் என்று நினைத்திருந்தால், என் அனுபவம் வேறு. அப்பாவிடம் போனைக் கொடுத்திருந்தால் பேசியிருக்கவே மாட்டார். அது எனக்குத்தான் பயன்பட்டது, அந்த நேரத்தில் முழித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு. 1333 என்றும் ஓர் இலக்கம் இருக்கிறது, அதுவும் கட்டணம் இல்லாதது, மூன்று மொழியிலும் கதைப்பார்கள், மனம் விட்டுப் பேசுவதற்கு. சுமித்திரயோ 1974 இல் இருந்து இருக்கிற தொண்டர் அமைப்பு. அங்கே மருந்து இல்லை, கேட்கிற காது இருக்கிறது. இவை இரண்டையும் நான் பாவிக்கவில்லை, ஆகவே புள்ளி போடவில்லை. ஆபத்து நடந்தேவிட்டால் இதொன்றும் இல்லை, நேரே 1990 சுவசெரிய அம்புலன்ஸ். 2018 இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, அதற்கும் காசு இல்லை.

தனியார் சனலிங்

விடிந்ததும் அரச ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். சித்தப்பா வாசலில் மறித்தார். “அங்க ஊர்ச்சனம் முழுக்க நிக்கும். சனல் பண்ணிக் காட்டுவம், ஆருக்கும் தெரியாது.” சனல் என்றால் காசு கட்டி, நேரம் பதிந்து, தனியார் இடத்தில் டொக்டரைப் பார்ப்பது. அம்மாவுக்கும் அது பிடித்தது. சரி என்று ஓரிடத்தில் பின்னேரத்துக்கு எடுத்தோம்.

இடம் குளிர். நாற்காலிகள் மெத்தென்று இருந்தன. காசாளர் பிள்ளை நல்ல மரியாதை. மூவாயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு ஒரு துண்டு தந்தார். டொக்டர் வர ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. வந்ததும் எங்களுக்கு முன்னால் இருந்த வரிசை ரொக்கட் வேகத்தில் உள்ளே போய் வெளியே வந்தது. எங்கள் முறை வந்தபோது அப்பா வாயைத் திறக்க முதல் சித்தப்பா திறந்தார், டொக்டர் சித்தப்பாவைப் பார்த்தே எழுதினார். நித்திரைக்கு ஒன்று, ‘மனசுக்கு’ ஒன்று, விற்றமின் ஒன்று. “ரெண்டு கிழமையால வாங்கோ.” இரவு ‘ஓம்’ என்று சொன்ன மனுசனிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த டொக்டர் கெட்டிக்காரராக இருக்கலாம். பலர் பகல் முழுக்க அரசாங்க வேலை செய்து களைத்துப்போய்த்தான் பின்னேரம் அங்கே வருகிறார்கள். ஏற்கெனவே மருந்து எடுத்து ஒரு நிலைக்கு வந்தவர்கள் மருந்து மாற்றிக்கொள்ளப் போகலாம், பிழை இல்லை. ஆனால் ஆபத்தில் இருக்கிற ஆளை, முதல்முதலாக, அங்கே கொண்டுபோகாதீர்கள். ஊருக்குத் தெரியாமல் இருப்பதற்குத்தான் அங்கே காசு கட்டுகிறோம். அதையாவது தருகிறார்களா என்றால் அதுவும் இல்லை: காத்திருக்கிற கூடத்தில் எங்கள் சங்கக்கடை மனேச்சரைக் கண்டோம்.

அரச வைத்தியசாலை

அடுத்த நாள் சித்தப்பாவுக்குச் சொல்லாமல் போனோம்.

வெளிநோயாளர் பிரிவில் வழக்கமான கூட்டம். வாசலில் நின்ற காவலாளிக்கு “மனநலப் பிரிவு எங்க?” என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சத்தமாக, பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி, கையை நீட்டி வழி காட்டினார். கூச்சம் எல்லாம் அந்த இடத்தோடு போய்விட்டது. ஒருவகையில் நல்லதுதான்.

உள்ளே முதலில் ஓர் இளம் டொக்டர். அவர் எங்களை வெளியே இருத்திவிட்டு அப்பாவை மட்டும் கூப்பிட்டார். முக்கால் மணித்தியாலத்துக்கு மேல். பிறகு என்னைத் தனியாக, பிறகு அம்மாவைத் தனியாக. கடன் எவ்வளவு, நித்திரை எத்தனை மணிக்குக் கலைகிறது, குடிப்பாரா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி வந்ததா. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்று: “95 இடப்பெயர்வில எங்க போனீங்கள்?”

1995 ஒக்ரோபர் 30. சண்டை நெருங்க, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அப்பா சொல்லி இல்லை. அம்மம்மா சொல்லித்தான். அப்பா டொக்டரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. திரும்பி வந்தபோது தோட்டம் பற்றையாகிக் கிடந்ததையும், அதைத் தனியாளாக வெட்டியதையும் அம்மாவிடம் அன்று மத்தியானம் சொன்னாராம். முப்பது வருசத்துக்குக் கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதவர்.

விடுதியில் அனுமதித்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். சீனி மட்டும் இல்லை, தைரொயிட்டும் பார்த்தார்கள். தைரொயிட் குறைந்தாலும் ஆள் இப்படிச் சோர்ந்துபோவாராம், வயது போனவர்களுக்கு முதல்தடவை வரும்போது அதையெல்லாம் பார்க்கவேண்டுமாம். செய்வினை என்று நூல் கட்டிய சாத்திரியாரும் சரி, மூவாயிரம் வாங்கிய சனலிங் டொக்டரும் சரி, இரத்தம் பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை.

விடுதியைப் பற்றிச் சொல்லத்தானே வேண்டும். கட்டில் பழசு, விரிப்பு சுத்தம். மின்விசிறி இரண்டில் ஒன்று சுற்றாது. மலசலகூடம் விடிய நல்லாக இருக்கும், பின்னேரம் போகாதீர்கள். சாப்பாடு கொடுக்கிறார்கள், மரக்கறியில் உப்புக் குறைவு, பருப்பு பரவாயில்லை. வீட்டில் இருந்தும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ரேசர், பெல்ட், கண்ணாடிப் போத்தல் ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். நான் கொண்டுபோன பழச் சாற்றுப் போத்தலை வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கப்பில் ஊற்றித் தந்தார்கள்.

தாதியர்தான் அந்த இடத்தின் உயிர். ஒரு மிஸ் இருந்தார், வடமராட்சிப் பேச்சு. மருந்துத் தட்டோடு வருவார், “ஐயா, வெங்காயம் என்ன விலை போகுது?” என்பார். அப்பா முதல்நாள் பதில் சொல்லவில்லை. அடுத்தநாளும் இல்லை. அவர் விடவில்லை, ஒவ்வொரு வேளையும் கேட்டார். கடைசியில் ஒருநாள் அப்பா, “பிள்ளை, உங்க சந்தையில ஏமாத்துறாங்கள், திருநெல்வேலிக்குப் போங்கோ” என்றார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையைத்தான் சொன்னார். நான் மருந்தைவிட அந்தக் கேள்விக்குத்தான் நன்றி சொல்வேன். இதை டொக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ரெண்டும் வேணும் என்றார்.

ஆண் நோயாளிக்கு உதவிக்கு ஓர் ஆண் நிற்கவேண்டும் என்றார்கள், நான் நின்றேன். திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் எனக்கொரு போன் திருத்துகிற கடை. அதைப் பூட்டிவைத்தேன். விடுதி வாங்கில் இருக்கிற மற்ற வீட்டுக்காரர்களோடு கதைக்கலாம், அது ஒரு தனிச் சேவை. ஆருடைய மருந்துக்கு வாய் காயும், எந்தக் கிழமையில் மருந்து பிடிக்கத் தொடங்கும், 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எப்படிச் சமாளித்தார்கள் என்று எல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஓர் அம்மா தன் மகனுக்கு வெளிநாட்டில் இருக்கிற தம்பி பார்சலில் குளிசை அனுப்பிய கதையைச் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு வேளை மருந்தில் மாற்றம் செய்ததை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, வெள்ளைக் குளிசை மஞ்சளானதைக் கண்டு நானே கேட்டேன். டொக்டர்மார் சுற்றிவரும் நேரம் உறவினரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள், பிறகு கேட்கப் போனால் போய்விட்டார்கள். கேள்விகளை ஒரு கடதாசியில் எழுதி அப்பாவின் கையில் கொடுத்துவிடத் தொடங்கினேன். அது வேலை செய்தது.

இன்னொன்று, பொலிஸ் பயம். வாங்கில் இருந்த ஒருவர், தன் மனைவி உயிரை மாய்க்க முயன்றதை ‘தவறுதலாக நடந்தது’ என்று டொக்டரிடமே சொல்லியிருந்தார், பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று. இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 இல் இருந்து குற்றம் இல்லை. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால்தான் உரிய மருத்துவம் நடக்கும். பக்கத்தில் இருந்த மிஸ்தான் அவருக்கு விளங்கப்படுத்தினார்.

மருந்தும் சொந்தக்காரரும்

மனச்சோர்வு மருந்து உடனே வேலை செய்யாது. இரண்டு, மூன்று, சிலவேளை நாலு கிழமை பிடிக்கும். முதல் கிழமையில் வயிற்றுக்குமட்டலும் பதற்றமும்தான் தெரியும். இதை டொக்டர் முதல்நாளே சொன்னார். சொந்தக்காரருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. என் கடையில் தண்ணீரில் விழுந்த போனைக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடித்து வந்து ‘ஓன் ஆகிச்சோ?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. அதேபோல் மூன்றாம் நாளே போன் எடுத்தார்கள், “என்ன, இன்னும் அப்பிடித்தானோ?” கனடாவில் இருந்து ஒரு சித்தி, மருந்தை நிறுத்திவிட்டு யோகா செய்யச் சொன்னார். அங்கே செய்யுங்கோ என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமியின் பிடி தளரவில்லை. செல்வச் சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றார். நான் மறுக்கவில்லை. தொண்டைமானாற்றுக்குப் போனோம். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் பூசை செய்கிற கப்பூகரை அப்பா கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார், மடத்தில் அன்னதானம் சாப்பிட்டார், இரண்டாம்தரம் சோறு கேட்டார். அம்மா அழுதார். மருந்துக் குளிசை என் சட்டைப் பையில் இருந்தது, சாப்பிட்டதும் கொடுத்தேன், மாமி பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. கோயிலும் ஆஸ்பத்திரியும் சண்டை பிடிக்கவேண்டிய அவசியம் இல்லை. மருந்தை நிறுத்து என்று சொல்கிற சாத்திரியார் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். நூல் கட்டியவர் அப்படித்தான் சொன்னார். அவருக்குக் கொடுத்த காசை சனலிங் காசோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தோட்டத்து மருந்து விற்கிற கடையையும் இதில் சேர்க்கவேண்டும். ஊரில் அப்பா வழக்கமாக வாங்குகிற கடை. முதலாளியிடம் தனியாகப் போய் விசயத்தைச் சொன்னேன். அந்த யூரியாப் பையையும் கொண்டுபோனேன். பையைத் திறந்து, மூடி இல்லாததை எல்லாம் பிரித்து வைத்துவிட்டு, “கொப்பர் வந்து கேட்டா, ஸ்ரொக் இல்லை எண்டுவன். நீ வா, தேவையான அளவுக்கு அளந்து தாறன்” என்றார். அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ அவருக்கு இதைச் செய்யச் சொல்லவில்லை. தோட்டம் உள்ள வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக முதல் போகவேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

ஆற்றுப்படுத்தல்

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார் என்பது எனக்குத் தெரியாது, கிராம அலுவலர் சொல்லித்தான் தெரியும். அப்பா ‘கதைச்சு என்ன ஆகும்’ என்று வரவில்லை. அம்மா போனார். அறை சின்னது, பக்கத்து மேசையில் யாரோ காணி உறுதி பற்றிச் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்கும் என்று அம்மா சொன்னார். ஆனாலும் திரும்பப் போனார். ஒவ்வொரு இரவும் எழும்பி அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது. வீட்டில் நோயாளி ஒருவர் என்றுதான் எல்லோரும் கணக்கு வைத்திருந்தோம்.

நகரத்தில் சாந்திகம் இருக்கிறது. 1987 இல், சண்டைக் காலத்தில் தொடங்கியது, உளவளத்துணையையே வேலையாகக் கொண்ட இடம். அலுவலக இரைச்சல் இல்லாமல் இருந்து கதைக்க விரும்புகிறவர்கள் அங்கே விசாரிக்கலாம். எங்களுக்குத் தூரம், அம்மாவுக்கு பஸ் பிடிக்காது.

கிளினிக்

விடுதியில் இருந்து வெளியே வந்த பிறகுதான் உண்மையான பரீட்சை. விடுதிக்கு நாலு தருவேன், ஐந்துக்கு. கிளினிக்குக்கு இரண்டரை. டொக்டர்மாரைக் குறை சொல்லவில்லை, அவர்கள் ஒவ்வொருவருக்கும் நேரம் கொடுக்கத்தான் பார்க்கிறார்கள், ஆட்கள் அவ்வளவு. விடிய ஆறரைக்குப் போய் இலக்கம் எடுத்தால் பத்து மணிபோல் பார்க்கலாம். எட்டுக்குப் போனால் மத்தியானம். பிறகு மருந்து எடுக்கும் யன்னலில் இன்னொரு வரிசை. ஒரு தோட்டக்காரனுக்கு ஒருநாள் போய்விடும், கூலியாள் என்றால் அன்றைய சம்பளம் போய்விடும். இதனால்தான் சுகமாகிவிட்டது என்று மூன்றாம் மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து எடுக்கவேண்டும் என்று சொல்லித்தான் விடுகிறார்கள். வாங்கில் அந்தக் காலத்தைத் தாண்டியவர்களை விட, நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்களைத்தான் கூடக் கண்டேன்.

பெயரைக் கூப்பிடுவதற்குப் பதிலாக இலக்கத்தைக் கூப்பிட்டால் நல்லது. எங்கள் கிளினிக்கில் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு. அப்பாவுக்கு இப்போது அது பழகிவிட்டது. போனமுறை பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு இருந்தார். அப்பா அவரிடம் போய், “சேர், அந்தப் பக்கம் முடிஞ்சா தாங்கோ” என்று கேட்டு வாங்கி, வெங்காய விலையைப் பார்த்தார்.

போகிறவர்கள் கவனிக்க: கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் பதிவைத் தேடுவதிலேயே காலை போய்விடும். முன்னர் வெளியில் வாங்கிய மருந்தின் மட்டைகள் இருந்தால் கொண்டுபோங்கள், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அவர்கள் பார்த்து விளங்கிக்கொள்வார்கள். தண்ணீர்ப் போத்தல் வேண்டும். யன்னலில் மருந்தை வாங்கியதும் அங்கேயே நின்று எண்ணிப் பாருங்கள், குறைந்தால் அப்போதே சொன்னால் தருவார்கள், வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அடுத்த திகதிவரை பொறுக்கவேண்டும். அந்தக் குளிசைப் பையையும் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் தையல்பெட்டிக்குள் இருக்கிறது, திறப்பு என்னிடம்.